சத்தியவேட்டுத் தமிழ் வகுப்பு

"ஏப்ரல் ஒண்ணாம் தேதியிலேருந்து சத்தியவேடு ஆந்திராவுக்குப் போயிடுச்சும்மா. நான் சென்னை ராஜ்யத்துக்கே போறேன்னு எழுதிக் குடுத்து, திருத்தணியில வேலையும் வாங்கிட்டேன். நீங்க என்னை விடுவிச்சாப் போதும்."

தமிழ் வாத்தியார் வீராசாமி நின்றபடியே சொன்னார்.

சித்தூர் கல்வி அதிகாரி தாட்சாயணி அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

"உட்காருங்க சார். அங்கே தமிழ் எடுக்க உங்களை விட்டா ஆள் இல்லை. வேற ஒருத்தர் கிடைக்கிற வரைக்கும் இருக்கக் கூடாதா?"

வீராசாமிக்குச் சுருக்கென்றது. இதைச் சொல்ல இந்த அம்மாளுக்கு என்ன யோக்கியதை?

திருப்பதியில் டீச்சராக இருந்து மேலே வந்தவர். ஆந்திரா தனியாகப் பிரிந்தபோது எத்தனையோ தமிழ் உத்தியோகஸ்தர்கள் சென்னைக்குப் போனார்கள். இவர் நகரவில்லை. ஜீப்பையும் பியூனையும் விட மனசு வருமா என்று ஊரே பேசியது. எல்லைப் போராட்டக் கூட்டங்களில் மேடையேறி அதை உரக்கச் சொன்னவர் வீராசாமிதான்.

இப்போது நேரிலும் சொன்னார்.

"உங்களுக்கு இங்கே பதவி இருக்கு, இருக்கீங்க. எனக்கு என்ன இருக்கு? தெலுங்கு சர்க்கார் எப்படியும் தமிழ் வகுப்பை மூடத்தான் போகுது. அதையும் நான் கண்ணால பார்க்கணுமா?"

பக்கத்து மேஜை குமாஸ்தா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

தாட்சாயணி அம்மாளின் முகம் வாடியது. குரல் மட்டும் மாறவில்லை.

"சர்க்கார் மூடச் சொல்லலை சார். வாத்தியார் இல்லைன்னா அது தானா மூடிக்கும்."

"அப்போ என்னை விடமாட்டீங்க."

"நான் விடலைன்னா நீங்க இருந்துதான் ஆகணும். ஆனா மனசு இல்லாம நிக்கிற வாத்தியார்கிட்ட பிள்ளைங்க என்ன கத்துக்கும்?"

கையெழுத்துப் போட்டு உத்தரவை நீட்டினார்.

வந்த காரியம் முடிந்த சந்தோஷம் வீராசாமிக்கு வரவில்லை. ஊராரிடம் சொல்லிக்கொள்ளவும் கூச்சமாக இருந்தது. ஒரு பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு திருத்தணிக்குப் போய்ச் சேர்ந்தார்.

ஆடி மாதத்தில்தான், விட்டுப்போன சாமான்களை ஏற்றிப்போக மறுபடி சத்தியவேடு வந்தார். பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகவேண்டும். பூட்டிக் கிடக்கும் வகுப்பைப் பார்க்க வேண்டாமென்று தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்.

உள்ளேயிருந்து பிள்ளைகள் சேர்ந்து தமிழ்ப்பாடம் படிக்கும் சத்தம் கேட்டது.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். கரும்பலகைக்கு முன்னால், கையில் சாக்பீஸோடு தாட்சாயணி அம்மாள்.

மகளை வகுப்பில் விட்டுவிட்டு வெளியே வந்த சென்னம்மா அவரைப் பார்த்துவிட்டாள். கடலைக்காய்க் கொல்லையில் கூலி வேலை செய்பவள்.

"தோ, நம்ம சாரு. நல்லாக்கீறீங்களா சார்?"

"இருக்கேன் சென்னம்மா. அதிகாரியம்மா இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்திருக்காங்களா?"

"அதிகாரி உத்தியோகத்தைத்தான் உட்டுட்டாங்களே. இங்க வர்றதுக்கு யாரும் ஒத்துக்கலியாம். பென்சன் எழுதிக் குடுத்துட்டு, பாடம் எடுக்க அவங்களே வந்துட்டாங்க. எங்க தெருவுலதான் குடியிருக்காங்க."

வீராசாமி மறுபடி ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"என்னைப் பத்தி ஊர்ல..." என்று இழுத்தார்.

"முதல்ல எல்லாருக்கும் உம்மேல கோவந்தான் சார். சொல்லாம கொள்ளாம பூட்டாரேன்னு. அந்தம்மாதான் ஊட்டுக்கு ஊடு வந்து சொன்னாங்க. 'அவரு போகவே மாட்டேன்னாரு, நான்தான் புடிச்சு அனுப்பிட்டேன். அவரு திரும்பி வர்ற வரிக்கும் நான் பாத்துக்கிறேன்'னு."

சென்னம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"எப்ப சார் வர்றே?"