துப்பிய விருந்தாளி

“துப்பிட்டாங்க! மூணாவது கிளாஸையும் துப்பிட்டாங்க!” என்று கணவன் அன்செல்மின் காதில் கிசுகிசுத்தாள் சொலேன்.

பிரான்சில் எபெர்னே ஊருக்குப் பக்கத்தில் அவர்களுடையது சின்னத் திராட்சைத் தோட்டம். ஷாம்பெய்னுக்கு மதிப்பெண் போடும் பத்திரிகை ஆள் ஒருவர் இந்த வாரம் சொல்லாமல் கொள்ளாமல் வரப்போவதாக ஊரே பேசிக்கொண்டது. ஆணா பெண்ணா என்றுகூட யாருக்கும் தெரியாது. நல்லதாக நாலு வரி எழுதினால் நிலவறையில் தேங்கிய பாட்டில்கள் நகரும். இல்லையென்றால் தோட்டத்தை விற்க வேண்டியதுதான்.

பாரிஸிலிருந்து ஒருநாள் சுற்றுலாவாக நிலவறைக்கு வந்த ஆறு பேரில் ஐவர் ஊற்றியதையெல்லாம் குடித்தார்கள். இந்த மேடம் மட்டும் முகர்ந்தார், கொப்பளித்தார், வாளியில் துப்பினார். ருசி பார்ப்பதே தொழிலானவர்கள்தான் அப்படிச் செய்வார்கள்.

அவருடைய கணவரோ, “பாட்டிலுக்குள்ள காத்து எப்படிங்க அடிக்கிறீங்க?” என்று நாலாவது முறை கிளாஸை நீட்டினார்.

“காத்து அடிக்கிறது சைக்கிளுக்கு, சார். இது தானாப் பொங்குது.”

எல்லோரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை.

“அந்தப் பாட்டிலை எடு,” என்றாள் சொலேன்.

“நம்ம கல்யாண வருஷத்ததா? ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு.”

“எதுக்கு வெச்சிருக்க, நம்ம சாவுக்கா?”

தலைகீழாக நின்ற பாட்டிலை அன்செல்ம் எடுத்துத் திறந்தான். கழுத்தில் சேர்ந்திருந்த வண்டல் ‘டப்’பென்று பாய்ந்து வெளியேறியது. முதல் கிளாஸ் மேடத்துக்கு. கண்ணை மூடி நெடுநேரம் முகர்ந்தார். ஒரு வாய் வைத்தார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

துப்பினார்.

“இதையுமா மேடம்! என்ன குறைன்னு சொல்லிட்டாவது துப்புங்க!” என்றான் அன்செல்ம்.

மேடத்தின் முகம் சிவந்தது. “குறையே இல்லீங்க. விழுங்கத்தான் ஆசை. டாக்டர் கூடாதுன்னுட்டார். வயித்துல ரெண்டு மாசம்.” கணவரைப் பார்த்தார். “சாயந்திரம் உங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தேன்.”

கணவர் பெட்டிமேல் தொப்பென்று உட்கார்ந்தார். பிறகு எழுந்து மனைவியைக் கட்டிக்கொண்டார், அப்புறம் அன்செல்மை, அப்புறம் வேன் ஓட்டுநரையும். மிச்சப் பாட்டிலை அவரே காலிசெய்தார்.

வேன் போனதும், “போச்சு! இருந்த ஒரு பாட்டிலும் வாளிக்கும் அந்தாளு வயித்துக்கும் போச்சு,” என்றான் அன்செல்ம். சொலேனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

தோட்டம் கைவிட்டுப் போகவில்லை. கிறிஸ்துமஸுக்குள் பாட்டில்கள் தீர்ந்தன. மேடத்துக்குப் பெண் பிறந்தது. அவர்கள் வந்துபோன அடுத்த மாதமே பத்திரிகையில், மதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் இப்படி வந்திருந்தது:

“இந்த வீட்டைப் பற்றி நடுநிலையாக எழுத என்னால் ஆகாது. யாரென்று தெரிந்துவிடக் கூடாதே என்று துப்பாமல் அத்தனையும் குடித்தேன். நான் அப்பாவாகப் போகிறேன் என்ற சேதியும் அங்கேதான் கிடைத்தது.”