நம்பருக்குப் பதிலா ஒரு பேர்

“அஞ்சாவது தடவையா திருப்பி அனுப்பிட்டாரு அந்த மனுஷன்,” என்று லேப்டாப்பைத் தள்ளி வைத்தாள் மனைவி.

“அப்படி என்னதான் எழுதினே?” துணி மடித்துக்கொண்டே கேட்டான் கணவன்.

“கம்ப்யூட்டர்ல எந்தக் கருவி பழுதானாலும், கெர்னல்னு உள்ளே ஓடுற அடிப்படை மென்பொருள் ஒரு நீள நம்பரைத்தான் காட்டுது. அதுக்குப் பதிலா பேரையே காட்டுற மாதிரி ஒரு சின்ன நிரல் எழுதி அனுப்பினேன். பேரைச் சுத்தி அழகா அடைப்புக்குறி போட்டிருந்தேன். அனுப்புறதைச் சரிபார்த்துச் சேர்க்கிறவரு, அந்தக் குறியை எடுக்கணும்ங்கிறாரு.”

“கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு உக்காந்திருப்பார் போல.”

“முகம் தெரியாத ஆளு, எங்கேயோ இருந்துக்கிட்டு என் உயிரை வாங்குறாரு.” முணுமுணுத்தபடியே அடைப்புக்குறியை எடுத்துவிட்டு அனுப்பினாள்.

துணி மடித்து முடிவதற்குள் பதில் வந்தது. படித்தவள் லேப்டாப்பைக் கணவன் பக்கம் திருப்பினாள்.

‘சேர்த்துக்கொண்டேன். பொறுமையாகத் திருத்தியதற்கு நன்றி. எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. திரையில் வருவதைக் கம்ப்யூட்டர் எனக்குச் சத்தமாக வாசித்துக்காட்டும், அடைப்புக்குறியைக்கூட விடாது. இருபது வருஷமாக நீள நீள நம்பர்களைக் கேட்டு மனப்பாடம் செய்தேன். இன்று உங்கள் நிரலை ஓட்டியதும், முதல் முறையாக ‘பிரின்டர்’ என்றது. எழுந்துபோய்த் தடவிப் பார்த்தேன். வயர் கழன்றிருந்தது.’

“கண்ணுல விளக்கெண்ணெய்னு சொல்லிட்டேனே,” என்றான் கணவன்.

“நன்றி நான்தான் சொல்லணும்,” என்று லேப்டாப்பை அருகில் இழுத்துக்கொண்டாள்.