தூக்கத் தெரியாதவர்

“அண்ணாச்சி, பிள்ளைக்குக் கழுத்து தொங்குது பாருங்க. கோழியையா பிடிச்சிருக்கீய?”

நர்ஸ் உமாதேவி கேட்டதும் அறையிலிருந்த ஆண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். துல்கர்னைன் பதறிப்போய்க் குனிந்து பார்த்தார். கையிலிருந்தது ரப்பர் பொம்மைதான். ஆனாலும் அவருக்கு நெற்றி வேர்த்துவிட்டது.

தென்காசியில் அந்தப் பிரசவ ஆஸ்பத்திரியில் இது வாராவாரம் நடக்கும் கூத்து. வராந்தாவில் போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆண்களை உமாதேவி ஓட்டிக்கொண்டு வந்து, பிள்ளை தூக்கப் பழக்குவாள். துல்கர்னைனையும் அப்படித்தான் பிடித்தாள்.

“உங்களுக்கு என்ன பிள்ளை அண்ணாச்சி?” என்று கேட்டாள். “பொம்பளப்பிள்ளை” என்றார். “அப்ப உள்ள வாங்க” என்று பொம்மையைக் கையில் திணித்துவிட்டாள்.

பக்கத்தில் நின்ற முத்துகுமரன் புளியங்குடி எலுமிச்சை மண்டிக்காரன். தலைச்சன் பிள்ளை பிறந்த பூரிப்பில் இருந்தான். துல்கர்னைன் நரைத்த தாடிக்குக் கறுப்பு மை பூசியிருந்தது அவன் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

“அண்ணாச்சிக்குக் கல்யாணம் லேட்டோ?” என்று மெதுவாகக் கேட்டான்.

“கல்யாணமெல்லாம் காலாகாலத்துல ஆயிட்டு தம்பி. நாந்தான் ஊருக்கு வர லேட்டாயிட்டு. சவூதில, தம்மாம்ல இருந்து இந்த வாரந்தான் வந்தேன்.”

“அங்கன என்ன வேலை?”

“கிரேன் ஓட்டுதேன்.”

உமாதேவி இதைக் கேட்டுவிட்டாள். “நல்லாருக்கு! டன் கணக்குல தூக்குதவருக்கு மூணு கிலோவத் தூக்கத் தெரியலயே!”

மறுபடியும் சிரிப்பு. அது அடங்கியதும் அவள் பொம்மையை வாங்கித் தன் மார்பில் சாய்த்துக் காட்டினாள்.

“தலைக்குப் பின்னால ஒரு கை கொடுக்கணும். சட்டையக் கழட்டிட்டு வெறும் நெஞ்சுல பிள்ளைய வையுங்க. தோலும் தோலும் பட்டாத்தான் உங்க சூடு அதுக்குப் போவும். உங்க நெஞ்சு அடிக்கதக் கேட்டு அழுகைய நிப்பாட்டும், நல்லா உறங்கும். முதுக லேசாத் தட்டிக் குடுங்க. குத்தாலத்துல எண்ணெய் தேய்க்கவன் மாதிரி போட்டு அமுக்கிராதீய!”

துல்கர்னைன் மட்டும் சிரிக்கவில்லை. “சிஸ்டர், அப்படித் தூக்காமலே விட்டுட்டா?”

“விட்டுட்டா என்ன? பிள்ளைக்கு நீங்க வெளியாளுதான். உங்களக் கண்டாலே ஒதுங்கும்.”

“பெறகு பழகாதா?”

“தொட்டாப் பழகும்.”

“ரொம்ப லேட்டாயிட்டுன்னா?”

முத்துகுமரனுக்குத் தாங்கவில்லை. “பிள்ளை பொறந்து இன்னும் கண்ணே சரியா முழிச்சிருக்காது. அதுக்குள்ள அண்ணாச்சி லேட்டுங்காவ!”

ஆனால் உமாதேவி அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். “தொடுததுக்கு லேட்டுன்னு ஒண்ணு கிடையாது அண்ணாச்சி” என்றாள். “கூச்சந்தான் தடை. அத விட்டுட்டுத் தூக்குங்க.”

அடுத்த முறை பொம்மையின் கழுத்து தொங்கவில்லை. “பாஸாயிட்டீய! வாங்க, இனி அசல் பிள்ளைதான்” என்று சொல்லி, அறை எண்ணைக் கேட்டுக்கொண்டு அவரை மாடிக்கு அழைத்துப் போனாள்.

ஜன்னலுக்கு வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. துணைக்கு இருந்தவர்கள் காப்பி வாங்கக் கீழே போயிருந்தார்கள். கட்டிலில் சாய்ந்திருந்த சஃப்ரின், துல்கர்னைனைக் கண்டதும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“வாங்க. சாப்பிட்டீயளா?”

“சாப்பிட்டேன். நீ?”

“ம்.”

போனிலும் அவர்களுக்குள் இவ்வளவுதான் பேச்சு. சோப்பும் செண்டும் பால்பவுடரும் பெட்டி பெட்டியாக வந்து சேரும். அவர் நேரில் வரும்போது மட்டும் சஃப்ரின் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். கிட்டே கூப்பிட அவருக்கும் கூச்சம். அந்தக் கூச்சம் தெளிவதற்குள் லீவு முடிந்துவிடும்.

துல்கர்னைன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார். அதற்குள் உமாதேவி, துணியில் சுற்றிய சிசுவைத் தொட்டிலிலிருந்து எடுத்து வைத்திருந்தாள்.

“சட்டைப் பொத்தானக் கழட்டுங்க அண்ணாச்சி. பயப்படாதீய, நான் பக்கத்துலயே நிக்கேன்.”

அவர் அவள் நீட்டிய கைகளைத் தாண்டிப் போனார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். கொஞ்சம் தயங்கினார். பிறகு சஃப்ரினின் தலைக்குப் பின்னால் ஒரு கையைக் கொடுத்து, கழுத்து நோகாமல், தன் நெஞ்சோடு சாய்த்துக்கொண்டார்.

அவள் முதலில் விறைத்தாள். அப்புறம் அவர் சட்டையைக் கொத்தாகப் பற்றிக்கொண்டு தேம்பத் தொடங்கினாள். அவர் அவள் முதுகை லேசாகத் தட்டிக் கொடுத்தார்.

உமாதேவி வெட்கத்தில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். “ஐயையோ, நல்ல ஆளு அண்ணாச்சி நீங்க! நான் பிள்ளையத் தூக்கச் சொன்னா, பெத்தவளப் போய்ப் பிடிச்சுக்கிட்டு இருக்கீய!”

துல்கர்னைன் தட்டுவதை நிறுத்தவில்லை.

“உங்க கையில இருக்கது பேரன், சிஸ்டர். எம் பிள்ளை இவதான்!”