கிராம்பின் காவல்

காளான் மாவும் கிராம்புப் பொடியும் சேர்த்துச் சுட்ட பிஸ்கட் ஒன்று, தட்டிலிருந்து நழுவி அடுப்புக்குப் பின்னால் ஈர மண்ணில் விழுந்துவிட்டது.

"நல்லதாப் போச்சு," என்றது உள்ளேயிருந்த காளான். "மக்கின மரத்துல பிறந்தவ நான். இனி மண்ணோட மக்கி, மறுபடி முளைச்சுக்குவேன்."

"நான் இருக்கையில நீ மக்குறதாவது? விட்ருவேனா தாயி!" என்றது கிராம்பு.

மழை பெய்தது. பூஞ்சணம் வந்து, "அக்கா, கூட்டிப்போக வந்திருக்கேன்," என்று கூப்பிட்டது. கிராம்பு குறுக்கே நின்று தன் காரத்தால் விரட்டியடித்தது. எறும்பும் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பி ஓடியது.

பல வருஷத்துக்குப் பிறகு அந்த வீடே இடிந்து, சுவரெல்லாம் மண்ணாகிப் போனது. பிஸ்கட் மட்டும் ஒரு ஓரம்கூட உதிராமல் அப்படியே கிடக்கிறது. உள்ளே காளான் அழுதுகொண்டே இருக்கும்.

"அழாதே தாயி," என்று கிராம்பு தட்டிக்கொடுக்கும். "உனக்கு ஒண்ணும் ஆகாது. எப்பவுமே ஆகாது."