யாரோ தேடுகிற சந்து

கூரையில் கேமராவைத் தூக்கி வைத்துக்கொண்டு அந்தக் கார் சந்துக்குள் நுழைந்ததும் அமுதவள்ளி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

பாம்பனில் படம் எடுக்கப் பாலம் இருக்கிறது, கடல் இருக்கிறது. இந்தச் சந்தில் என்ன இருக்கிறது? காய்கிற கருவாடும் அதையே பார்த்துக்கொண்டிருக்கும் பூனையும்தான்.

அவள் முகம் அந்தக் கேமராவில் விழக்கூடாது. விழுந்தால் போச்சு.

பிரபாகரன் வேறு சாதி என்று தெரிந்த அன்றைக்கே அவளைப் பெற்ற அய்யா சொல்லிவிட்டார், எங்கே பார்த்தாலும் இரண்டு பேரையும் வெட்டுவேன் என்று. அய்யா சொன்னால் செய்வார். அதனால்தான் கல்யாணமான கையோடு ஓடிவந்து, யார் கண்ணிலும் படாமல் இங்கே குடியிருக்கிறார்கள்.

கார்க்காரர் அவள் கதவைத்தான் வந்து தட்டினார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். தண்ணீர் கேட்கிறவரை எப்படித் துரத்துவது? சேலையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு திறந்தாள்.

மேப்புக்காக எடுக்கிற படம் இது, அதில் விழும் முகங்களையெல்லாம் கம்பெனியே அழித்துவிடும் என்று அவர் சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. அந்தத் தெம்பில் கேட்டாள்.

"எங்க சந்துக்கு எதுக்குண்ணே வந்தீக?"

"மேப்புல எந்த இடத்தை ஆளுக ரொம்பத் தேடுறாகளோ, அங்கன எங்களை அனுப்புவாக. போன மாசம் திருவாடானைப் பக்கம் ஒரு தெருவுக்குப் போனேன். அந்தத் தெருவை இந்தச் சந்துல இருந்துதான் யாரோ தெனமும் தேடிருக்காகன்னு கம்பெனில சொன்னாக. அங்கன ஒரு பெரியவர்கிட்ட அதைச் சொன்னேன். மனுசன் உக்கார வச்சு மோர் குடுத்தாரு. எந்தச் சந்துன்னு திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டாரு. இப்ப அங்கன இருந்து இந்தச் சந்தைத் தேடியிருக்காக!"

அந்தத் தெருவில் வழியோடு போகிறவருக்கு மோர் கொடுக்கிற வீடு ஒன்றுதான். அவள் பிறந்த வீடு.

அம்மாவுக்கு ஒரு போன்கூட அவள் போட்டதில்லை. சிம்மை மாற்றியாயிற்று. உலை கொதிக்கிற நேரத்தில் மட்டும் மேப்பைத் திறந்து, ஊர்ப் பெயரைப் போட்டு, வீட்டு ஓடு தெரியும்வரை பெரிதாக்கிப் பார்ப்பாள். பார்ப்பதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்திருந்தாள், பாவி.

கார்க்காரர் சொம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

"இந்த வாரம் அங்கன இருந்து யாரும் இந்தச் சந்தைத் தேடக் காணோம் தங்கச்சி. வழி தெரிஞ்சிருச்சு போல."

அவள் பிரபாகரனுக்குப் போன் போட்டாள். ஐஸ் கம்பெனியில் எந்த வேலையில் இருந்தாலும் முதல் ரிங்கிலேயே எடுத்துவிடுகிறவன்.

ரிங் போய்க்கொண்டே இருந்தது.