நாலு விரல் இறக்கம்

“இவளை ஏத்தி ஏத்தித்தான் காரோட பின்பக்கம் இப்படிப் படுத்துடுச்சு.”

மெக்கானிக் காரைச் சுற்றி வருவதற்குள்ளேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள் செயலாளரம்மா. வீட்டில் சமையல்காரிகூட அவளை அப்படித்தான் கூப்பிட வேண்டும். பெண்கள் சேவைச் சங்கத்தின் செயலாளர் என்றால் சும்மாவா?

இவள் என்பது நாத்தனார், கணவரின் ஒரே தங்கை. முழங்காலில் ஆபரேஷன் ஆகி நாலு மாதம். வாரம் மூன்று நாள் ரயில்வே கேட்டைத் தாண்டி பிசியோதெரபிக்குப் போயாக வேண்டும். பஸ் படி ஏற முடியாது. கார் சும்மாதானே நிற்கிறது, நீயே கூட்டிப் போ என்று கணவர் சொல்லிவிட்டார். அன்று பிடித்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

அதுவும் என்ன உடம்பு. பின்சீட்டில் உட்கார்ந்தால் பக்கத்தில் ஒரு கைப்பைக்குக்கூட இடம் இருக்காது. கைத்தடியையாவது டிக்கியில் போடுகிறாளா என்றால் அதுவும் இல்லை, முதல் நாள் ஒரு தடவை திறந்து பார்த்து மூடியதோடு சரி, மடியிலேயே வைத்துக்கொள்வாள். உடம்பு எவ்வளவோ அவ்வளவு பிடிவாதம்.

சங்கத்துத் தோழிகளிடம் செயலாளரம்மா அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘லோடு’.

கொஞ்ச நாளாகக் காரின் முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. எதிரில் வருகிறவர்கள் கண் கூசுகிறது என்று லைட்டை அடித்துக் காட்டினார்கள். போன வாரம் ஒரு வேகத்தடையில் அடிப்பாகம் கரகரவென்று உரசியது. இனி இவளை ஏற்ற முடியாது என்று கணவரிடம் சண்டை போட்டாள்.

அவர் அசரவில்லை. மெக்கானிக் சொல்லட்டும், சொன்னால் வேறு ஏற்பாடு பார்க்கலாம், பன்னிரண்டு மணிக்குப் போன் செய்கிறேன் என்றார். அதனால்தான் நாத்தனாரையும் சாட்சிப் பொருளாகக் கூடவே கூட்டி வந்திருந்தாள்.

மெக்கானிக் பேச்சில் சிக்கனக்காரர். டேப் எல்லாம் எடுக்கவில்லை. பின் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கையைக் கொடுத்துப் பார்த்தார்.

“அஞ்சு விரல் போகணும் மேடம். ஒண்ணுதான் போகுது. டிக்கியில என்ன இருக்கு?”

“என்ன இருக்கும், ஸ்டெப்னி இருக்கும். அதை விடுங்க. இவளை உட்கார வெச்சு ஒரு தடவை பாருங்க, இறக்கிட்டு ஒரு தடவை பாருங்க. தெரிஞ்சுடும்.”

மெக்கானிக்குக்கே கூச்சமாகிவிட்டது. அவங்க எதுக்கு மேடம் என்று இழுத்தார். செயலாளரம்மா காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். பெஞ்சில் தங்கள் வண்டிக்காகக் காத்திருந்த மூன்று பேர் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

நாத்தனார் தடியை ஊன்றி, வலித்த காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்து, உட்கார்ந்தாள். மெக்கானிக் விரலைக் கொடுத்துப் பார்த்தார். பிறகு இறங்கச் சொன்னார். மறுபடி பார்த்தார்.

“இவங்க உட்கார்ந்தா முக்கால் விரல் இறங்குது. அவ்வளவுதான்.”

“சரியாப் பார்த்தீங்களா?”

“முப்பது வருஷமா இந்த விரல்லதான் மேடம் பார்க்கறேன். ஆள் இல்லாதப்பவே வண்டி நாலு விரல் இறங்கி நிக்குது. டிக்கியைத் திறங்க.”

அப்போதுதான் நாத்தனார் வாயைத் திறந்தாள். “வேணாம் அண்ணி. நேரமாச்சு, கிளம்பலாம்.”

குட்டு வெளிப்படும் என்று பயந்துவிட்டாள், எதையோ திணித்து வைத்திருக்கிறாள் என்று செயலாளரம்மாவுக்கு ஒரே குஷி. விறுவிறுவென்று போய் டிக்கியைத் தானே திறந்தாள்.

உள்ளே கழுத்து வரை ஒன்பது அட்டைப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் சிவப்பு ரிப்பன், வெள்ளைத் தாளில் கொட்டை எழுத்து: ‘விடுதிக் குழந்தைகளுக்கு அறிவுப் பரிசு. அன்புடன், பெண்கள் சேவைச் சங்கம்.’

போன வருஷம் வீடு வீடாக ஏறி வாங்கிய புத்தகங்கள். அந்தப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று எடுத்த போட்டோ சங்க அலுவலகத்தில் பெரிதாக மாட்டியிருக்கிறது. சிறந்த சேவைக்கான கேடயம் அவள் வீட்டு ஹாலில் இருக்கிறது. விடுதி ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். அவ்வளவு தூரம் யார் போவது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டதில் பத்து மாதம் ஓடிவிட்டது. தனக்கு டிக்கியைத் திறக்கும் வேலையே வராததால் மறந்தும் போய்விட்டது.

மெக்கானிக் ஒவ்வொரு பெட்டியாக இறக்கித் தரையில் வைத்தார். இறக்க இறக்கக் கார் மெல்ல மெல்ல எழும்பியது. பெஞ்சிலிருந்த ஒருவர் எழுந்து வந்து, தாளை நிதானமாகப் படித்துவிட்டு, திரும்பப் போய் உட்கார்ந்தார்.

“ரெண்டரை விரல் மேல ஏறிடுச்சு மேடம். மிச்சம் தானா வராது. நாள் கணக்கா அமுக்கி வெச்சதுல ஸ்பிரிங் தொய்ஞ்சு போச்சு. ரெண்டு பக்கமும் புதுசு போடணும்.”

பன்னிரண்டு மணி. செயலாளரம்மாவின் போன் அடித்தது. மேடையில் ஒரு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் பேசுகிறவள், இப்போது அடிக்கிற போனை எடுக்காமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். நாத்தனார்தான் கை நீட்டிப் போனை வாங்கினாள்.

“ஆமாண்ணா, பார்த்துட்டார். அண்ணி சொன்னது சரிதான், என் வெயிட்டுதான். நான் நாளையிலேர்ந்து ஆட்டோ பார்த்துக்கறேன். நீ அவங்களை ஒண்ணும் சொல்லாதே.”

போனைத் திருப்பிக் கொடுத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள், பெஞ்சில் இருப்பவர்களுக்குக் கேட்கக்கூடாது என்று.

“இன்னிக்கு மட்டும் கடைசியா ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க அண்ணி. பெட்டியெல்லாம் குடுத்துடலாம். அந்த விடுதி, பிசியோதெரபிக்கு அடுத்த கட்டடம்தான்.”