பொட்டாஷ் வைக்காத வரிசை

கடைசி வரிசையில் பன்னிரண்டு தக்காளிச் செடிகள் மட்டும் இலை ஓரம் கருகி நின்றன.

உதவி வேளாண்மை அலுவலர் ஐஸ்வர்யாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதற்காக மூன்றாவது முறை வருகிறாள். மற்ற செடியெல்லாம் கரும்பச்சையாகத் தழைத்திருக்க, இந்தப் பன்னிரண்டுக்கு மட்டும் வயலுக்காரி தீர்த்தம்மாள் பொட்டாஷ் உரம் வைக்கவே இல்லை.

இன்னும் அரைமணி நேரத்தில் காரிமங்கலத்திலிருந்து நாற்பது விவசாயிகள், துறையின் மாதிரி வயலான இதைப் பார்க்க வருகிறார்கள்.

"போன வாரமே சொன்னேனே அக்கா, ஏன் வைக்கல?"

"மறந்துட்டனுங்க மேடம்."

மறதியாம். ஒரே ஒரு வரிசையை மட்டும் மறக்கிற மறதி.

போன முறை வரப்பில் உட்கார்ந்து எவ்வளவு பொறுமையாகச் சொன்னாள்! வேர்த்தூவிகளில் கண்ணுக்குத் தெரியாத புரதக் கதவுகள் இருக்கின்றன. பொட்டாஷில் உள்ள பொட்டாசியம் அவற்றின் வழியாகத்தான் நுழையும். மண்ணில் அது குறைந்தால் செடி வேறு வகைக் கதவுகளை உண்டாக்கி, தன் சக்தியைச் செலவழித்து உள்ளே இழுக்கும். அதுவும் போதாவிட்டால் முற்றிய இலையிலிருந்து உருவி இளசுக்கும் காய்க்கும் அனுப்பும். அடியிலை கருகுவது அதனால்தான்.

தீர்த்தம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். இது பழத்துக்குள்ளயும் போகுமா?

பழத்துக்குத்தான் எல்லாவற்றையும்விட அதிகம் போகும் என்று ஐஸ்வர்யா பெருமையாகவே சொன்னாள்.

அப்படிச் சொல்லியும் இப்படி!

வருகிறவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் எடுக்கத் தீர்த்தம்மாள் வீட்டுக்குப் போனாள். ஐஸ்வர்யா பக்கெட்டில் பொட்டாஷைக் கரைத்தாள். கருகிய இலை இன்றைக்கே பச்சையாகிவிடாது. யாராவது கேட்டால் வைத்தாயிற்று என்றாவது சொல்லலாம். ஒவ்வொரு செடியாக வேரடியில் ஊற்றிக்கொண்டே வந்தாள்.

பதினொன்றாவது செடியில் இருந்தபோது, குடத்தை அப்படியே வைத்துவிட்டுத் தீர்த்தம்மாள் ஓடி வந்தாள்.

"ஐயோ மேடம், அது எங்க வூட்டுக்காரருக்குங்க!"

அவள் கணவர் மாதேஸ்வரன் இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, வாரம் இரண்டு முறை தருமபுரிக்கு டயாலிசிஸுக்குப் போகிறார். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடும், தக்காளியைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லி ஒன்றரை வருஷமாகிறது.

"பேரு ஒண்ணா இருக்குதேன்னு நட்டதுலருந்தே இந்த வரிசைக்கு மட்டும் வைக்கலைங்க. போன வாரம் நீங்க சொன்னதைத்தான் டாக்டர்கிட்ட சொன்னனுங்க. பொட்டாஷ் வைக்காத பழத்தை டெஸ்ட் பண்ணிட்டு வாம்மா, கம்மியா இருந்தா பாக்கலாம்னாரு. நாளைக்குப் பறிக்கலாம்னு இருந்தனுங்க."

முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று ஐஸ்வர்யா வாயெடுத்தாள். சொல்லியிருந்தால் மாதிரி வயலில் அதற்கு இவளே அனுமதித்திருப்பாளா?

தீர்த்தம்மாள் முழங்காலிட்டு, முதல் செடியின் அடியில் ஈர மண்ணை இரண்டு கையாலும் வாரி வெளியே எறிந்தாள்.

வேர் எவ்வளவு சீக்கிரம் உறிஞ்சிவிடும் என்பது ஐஸ்வர்யாவுக்குத் தெரியும்.

சாலையில் வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவளும் அடுத்த செடியின் முன் மண்டியிட்டு மண்ணை வார ஆரம்பித்தாள்.